பின்பக்கத்துக் கதவு

புகையை நான் முதலில் பார்த்தது பஸ் ஜன்னலிலிருந்து. வடமாலப்பேட்டையைத் தாண்டியதும் ரேணிகுண்டா பக்கத்து வானத்தில் கறுப்பாக எழும்பி நின்றது. மழை மேகம் என்று நினைக்கத்தான் ஆசை. சித்திரை வெயிலில் மேகத்துக்கு ஏது வழி? பக்கத்தில் அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அண்ணனின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போகிறவர்களின் போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தாள்.

லாரிகளிலிருந்து கழித்த பழைய ஆயிலைக் காய்ச்சிச் சுத்திகரிக்கும் ஆலை அது. அண்ணன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. பம்புகளைப் பார்த்துக்கொள்வது வேலை. புத்தூரில் எங்கள் வீடு. நான் திருப்பதியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அன்று விடுமுறை. பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடியதும் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிய புடவையோடு கிளம்பிவிட்டாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூட என் முகத்தைப் பார்க்கிற பெண் அவள்.

ஆலை வாசலில் நெருங்க முடியாத அனல். தீயணைப்பு வண்டிகளின் இரைச்சலுக்கு மேல் ஒரு மேலாளர் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். "அந்தரூ பயடிகி வச்சேசாரம்மா!" எல்லாரும் வெளியே வந்தாயிற்று, காயம்பட்டவர்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், அங்கே போங்கள் என்றார். அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் ஆட்டோக்களை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடப் பார்த்தேன். அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"நீ போயி பாரு. இருந்தா போன் பண்ணு. நான் இங்கியே நின்னுக்கினு இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். கரி பூசிய முகங்களில் எதைப் பார்த்தாலும் அண்ணனாகத் தெரிந்தது. கிட்டே போனால் இல்லை. இல்லை என்பது நிம்மதியா பயமா என்று பிரிக்க முடியவில்லை. பிணவறைக் காவலாளியிடமும் கேட்டேன். அதுவரை யாரும் அங்கே வரவில்லை என்றார். அண்ணிக்குப் போன் செய்து, "இங்க இல்ல அண்ணி" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. அடுத்து நான் கேட்டது அதற்கு முன் அவளிடம் ஒருபோதும் கேட்டிராத குரல்.

"சார்! வெளியிலயும் இல்ல, ஆஸ்பத்திரியிலயும் இல்ல. அப்ப எங்க வூட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு. நீங்க போறீங்களா, நான் போவட்டுமா?"

மேலாளர் ஏதோ சமாதானம் சொன்னார். ஆனால் தீயணைப்பு அதிகாரி ஒருவர், "கடைசியா அவரை எங்கே பார்த்தாங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. பின்பக்கம், பழைய பம்பு அறை என்று யாரோ சொன்னார்கள். அதோடு போன் அணைந்துபோனது.

நான் திரும்பி வருவதற்குள் அவர்களை உயிரோடு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அவர்களை என்கிறேன், ஏனென்றால் இரண்டு பேர். பம்பு அறையின் பின்பக்கக் கதவுக்கு வெளியே காலி டிரம்களை அடுக்கி வைத்திருந்ததால் கதவு திறக்கவில்லை. உள்ளே அண்ணனும் ஒரு ஒடிசாப் பையனும் ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்திருக்கிறார்கள். அண்ணனுக்காவது வாசலில் நிற்க ஆள் இருந்தது. அந்தப் பையனைக் கேட்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. கதவைத் தள்ளித் தள்ளி அவன் உள்ளங்கைகள் இரண்டும் வெந்திருந்தன. அவனுடைய அண்ணன் ஒடிசாவிலிருந்து வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் அண்ணிதான் சோறு பிசைந்து ஊட்டினாள். அவன் பேசியது அவளுக்குப் புரியாது. "துன்னு, துன்னு" என்பதை மட்டும் அவன் கற்றுக்கொண்டான்.

சில மாதங்களில் ஆலையை மறுபடி திறந்தார்கள். அண்ணனைக் கூப்பிட்டார்கள். வேறு வேலை தேடிப் பார்த்து அலுத்திருந்த அவன் போகிறேன் என்றான். அண்ணி தடுக்கவில்லை. முதல் நாள் அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து தானும் போனாள். பெண்களுக்கு உள்ளே அனுமதியில்லை என்ற காவலாளியைத் தாண்டி, அதே மேலாளர் முன்னால் நின்றாள்.

"அந்தக் கதவத் தொறந்து காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்."

திறந்து காட்டினார்கள். வெளியே டிரம்கள் இல்லை. வெள்ளையடித்த சுவரும் புது மணலும் இருந்ததாகப் பிறகு சொன்னாள். அதில் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பதும் அந்தக் குரலில் தெரிந்தது.

இப்போது எனக்குக் கல்யாணமாகிச் சித்தூரில் இருக்கிறேன். போன வாரம் புத்தூர் போயிருந்தபோது அண்ணன் ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானது. நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அண்ணி சிரித்தபடியே என் மகளுக்கு மாம்பழம் நறுக்கினாள். ஆனால் வீட்டுக்குள்ளேயே செருப்பைப் போட்டிருந்தாள். இருட்டுகிற நேரத்துக்கு அண்ணன் வந்து, ரோட்டில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டது என்றான்.

"கதவு?" என்றாள் அண்ணி.

"தொறந்துதான் இருக்குது. காலையிலகூட தள்ளிப் பாத்தேன்."

அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.