மஹ்ரூப் நானாவின் கைவலை

கண்ணாடியில் யாராவது விரலால் தட்டினால், மஹ்ரூப் நானா தலையை நிமிர்த்தாமலே, "தட்டாதீங்கொ" என்பார். கண்ணாடி வெட்டும் வைரமுனை கையில் ஓடிக்கொண்டிருக்கும். கண் அதன் மேல்தான் இருக்கும். ஆனாலும் எந்தத் தொட்டியில் தட்டினார்கள், தட்டியது பெரியவரா பிள்ளையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "ஒங்கட ஊட்டுக் கதவ ஒருத்தன் நாள் முழுக்க இப்பிடித் தட்டினா ஒங்களுக்கு எப்பிடி ஈக்கும்?" என்று அடுத்து வரும். தட்டியவர் கையை எடுத்து, வைக்க இடம் தெரியாமல், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு தெருவின் முனையில் அவருடைய கடை. வெளியிலிருந்து பார்த்தால் படங்களுக்குச் சட்டம் போடும் கடைதான். முருகனும், மாதாவும், மக்காப் பள்ளிவாசலும், பட்டாளத்து உடுப்பில் இங்கிலாந்து மன்னரும் ஒரே சுவரில் சாய்ந்து நிற்பார்கள். சொந்தக்காரர் வந்து எடுத்துப் போகும்வரை அவர்களுக்குள் ஒரு சச்சரவும் இல்லை. படங்களைத் தாண்டி உள்ளே போனால் வெளிச்சம் பச்சையாகிவிடும். அங்கேதான் மீன்கள்.

மீன் அவருடைய தொழில் அல்ல. கொள்ளுப்பிட்டியில் இருந்த ஒரு துரை, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஒரு தொட்டி செய்யச் சொல்லிவிட்டு, அது முடியுமுன் கப்பலேறிப் போய்விட்டாராம். ஒழுகுகிறதா என்று பார்க்க நானா அதில் தண்ணீர் நிரப்பி வைத்தார். சும்மா கிடந்த தண்ணீரில் கால்வாயில் பிடித்த இரண்டு சின்ன மீன்களை விட்டார். "ஒழுகுதான்னு பாக்கத்தான் ஊத்தினன். பொறகு அந்தத் தண்ணியக் கொட்ட மனசு வரல்ல" என்பார். பிறகு ஒரு தொட்டி பலவாயிற்று. இப்போது படம் கொண்டு வருகிறவர்களைவிட மீன் பார்க்க வருகிறவர்கள் அதிகம்.

மெலிந்த ஆள். சாரத்துக்கு மேல் அகலமான பெல்ட், தலையில் வெள்ளைத் தொப்பி. கண்ணாடி பதிக்கும் புட்டியைப் பிசைந்து பிசைந்து விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. பக்கத்தில் நின்றால் எண்ணெய் மணக்கும். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சிறு கைவலை தொங்கும். வளைத்த கம்பியில், கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்புவலைத் துணியைத் தைத்துத் தானே செய்தது. மீனைப் பிடித்துப் போத்தலில் விடுவது எப்போதும் அவர்தான். ஒரே ஒரு தரம் தவிர, அந்த வலையை வேறொரு கையில் நான் கண்டதில்லை. மோட்டாரில் வந்த டொக்டர் ஒருவர், "இஞ்ச கொண்டாரும் நானா, நானே பிடிக்கிறன்" என்று கையை நீட்டினார். "வேணாம் சேர், ஈரம்" என்று சொல்லிவிட்டு, நானா வலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

முதன்முதலாக வீட்டில் மீன் வைக்க விரும்புகிறவர் வந்தால், மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருக்கச் சொல்வார். என்ன மீன் வேண்டும் என்று கேட்கமாட்டார். கேள்விகள் எல்லாம் வேறு. "பகல்ல ஊட்டுல யாரு ஈக்கிற? வெயில் எந்தப் பக்கத்தால வருது? பூன ஈக்கா? தண்ணி பைப்பா, கெணறா?" கடைசியாக ஒன்று கேட்பார். "ஊடு கழுவுறது எந்த நாள்?" அதைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள். நானா சிரிக்கமாட்டார். பதில் வரும்வரை இருப்பார்.

தந்திக் கந்தோரில் வேலை செய்யும் முத்துலிங்கம் முதல் தொட்டி வாங்க வந்த அன்று நான் கடையில் நின்றேன். அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், வால் விரிந்த பெரிய தங்கமீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, உந்தச் சிவப்பன் ஒரு குழம்புக்குக் காணுமோ?"

"திங்கிற மீன் சந்தையில ஈக்கி. இது பாக்கிற மீன். கண்ணுக்குப் பசி எண்டா இரிங்கொ, வகுத்துக்கு எண்டா எழும்புங்கொ."

"சரி, கண்ணுக்குத்தான். உவனையே தாருமன்."

"அது மொதல் மீன் இல்ல சேர். நல்ல அழகு, ஆனா நல்ல ஊத்த, தண்ணியக் கலக்கிப் போடும். பெரிய தண்ணி வேணும் அதுக்கு." சொல்லிக்கொண்டே நானா மூலைத் தொட்டியைக் காட்டினார். அதில் விரல் நகத்தைவிடச் சற்றே நீண்ட மில்லியன் மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பெண் மீன்கள் சாம்பல் நிறம். ஆண் மீன்களின் வாலில் மட்டும் சாயம் தொட்டு வைத்ததுபோல ஒரு நிறம்.

முத்துலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "மலேரியாவுக்கு நுளம்பு தின்னவெண்டு கவுண்மேந்து கிணத்துக்கை விட்ட மீனையோ எனக்குத் தாறீர்?"

"கவர்மெந்து கையிலயே சாகாத மீன் சேர். ஒங்கட கையிலயும் சாகாது."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள், முத்துலிங்கமும். அவர் அந்த மீன்களைத்தான் கொண்டு போனார். அவர் போன பிறகு நானா யாருக்கென்றில்லாமல் சொன்னார். "மொதல் மீன் செத்தா, ரெண்டாவது மீனுக்கு ஆள் வராது." இதை அவர் அடிக்கடி சொல்வார். கடைக்காரர் வியாபாரம் குறைவதைச் சொல்கிறார் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

தங்கமீனை முதல் மீனாக யாருக்கும் கொடுப்பதில்லை என்ற ஒழுங்கை அவர் ஒரு தரம் மீறினார். வீடு கழுவும் நாளைப் பற்றிய கேள்வி அதற்கு முன் அவரிடம் இருக்கவில்லை.

எங்கள் அடுத்த வீட்டுச் சிவக்கொழுந்து அக்காவின் ஒரே மகன் நெருப்புக் காய்ச்சலில் தவறிப்போனான். அதன்பின் அக்கா வாசலுக்கு வருவதில்லை. அவருடைய கணவர் நாகேந்திரம் அண்ணர் கந்தோருக்குப் போகும்போது அக்கா எந்த நாற்காலியில் இருந்தாரோ, அவர் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் அப்படியே இருப்பார். மகனுடைய படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று ஒரு நாள் எழும்பினார். ஒன்றும் கேட்கமாட்டேன் என்பதாலோ என்னவோ, என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

மஹ்ரூப் நானா படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பள்ளிக்கூடச் சட்டை போட்ட பிள்ளை. மேல் பொத்தான் ஒன்று பூட்டப்படாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வேறு வேலையை ஒதுக்கி வைத்து, உடனே கண்ணாடி வெட்டத் தொடங்கினார். அக்கா மண்ணெண்ணெய்ப் பெட்டியில் இருந்தார். எதிரே தங்கமீன். அது இந்தப் பக்கம் போனால் அக்காவின் கண்ணும் இந்தப் பக்கம் போயிற்று. அந்தக் கண்கள் ஒன்றைத் தொடர்ந்து போவதை நான் வெகு நாளாகக் கண்டிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது நானாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, உதிலை ரண்டு எனக்குத் தருவியளோ?"

"பகல்ல ஊட்டுல யாரு..." என்று தொடங்கியவர், கையிலிருந்த படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தொட்டி ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

படம் சுவரில் ஏறியது. அதன் கீழே மேசையில் தொட்டி. அந்த வாரம் அக்கா வேலியருகே வந்து, மீன் தன் கை கண்டால் மேலே வருகிறது என்று எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை விடிய அவர் வீட்டில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. மகன் போனபின் அக்கா வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவியதில்லை. அன்றுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு இலேசானது.

நிலம் கழுவினார். குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு விளக்கினார். மகனுடைய படத்தைத் துடைத்தார். படத்தின் கீழே தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. சுவாமி அறைக்கு நேரே அப்படியொரு ஊத்தையை எப்படி விடுவது? மீனைச் சட்டியில் விட்டு, தண்ணீரைக் கொட்டி, தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தொட்டியைத் தேய்த்தார். பைப்பைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்தார். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குப் பளபளத்தது.

மத்தியானத்துக்கு முன் மீன்கள் சரிந்து நீந்தத் தொடங்கின. அக்கா வேலியால் என்னைக் கூப்பிட்டார். நான் நானாவின் கடைக்கு ஓடினேன். கதவுப் பலகைகள் போட்டு மூடிக் கிடந்தது. அவர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் திரும்பி வந்தபோது அக்கா தொட்டிக்கு முன்னால் ஈரச் சேலையோடு நிலத்தில் இருந்தார். மீன்கள் இரண்டும் வயிறு மேலே திரும்பி மிதந்தன.

அதற்குப்பின் அக்கா மறுபடியும் நாற்காலிக்குப் போய்விட்டார். சோறு கொடுத்தால் உண்பார், இல்லையென்றால் இல்லை. வீட்டில் எதையும் கையால் தொடுவதில்லை. விளக்கைக்கூட நாகேந்திரம் அண்ணர்தான் ஏற்றினார். தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் அக்கா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் அதைத் தூக்கிக்கொள்ள, இருவரும் கடைக்குப் போனோம்.

"இதை எடுங்கோ நானா. எனக்கு வேண்டாம்."

வெறும் தொட்டியைப் பார்த்ததும் நானாவுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும், "என்ன நடந்திச்சி தங்கச்சி?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார். வெள்ளிக்கிழமை, சாம்பல், பைப் தண்ணீர் எல்லாம் சொன்னார். அதோடு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"என்ரை கை கழுவினால் உயிர் தங்காது நானா. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு ஒரு வெள்ளிக்கிழமைதான் தலைக்கு முழுக வாத்தனான். அண்டைக்கு ராவே திருப்பிக் காய்ச்சல் காய்ஞ்சது. டொக்டர் அதாலை இல்லை எண்டவர். அவர் சொல்லுவார். வாத்தது நானெல்லோ."

இத்தனை மாதமாக அடுத்த வீட்டில் இருந்த எனக்கும் இது தெரியாது.

நானா வைரமுனையைக் கீழே வைத்தார்.

"எல்லார்கிட்டயும் கேக்கிறத நான் ஒங்ககிட்டக் கேக்கல்ல. அது மொதல் மீன் இல்ல. தெரிஞ்சிதான் குடுத்தன். போட்டோவப் பாத்துட்டுக் குடுத்துட்டன். தப்பு என்ட."

"நீங்கள் என்னை ஆத்துறதுக்குச் சொல்லுறியள்."

"ஆறுதல் செல்ல எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் மீனப் பத்தித்தான் செல்றன்."

தொட்டியை வாங்கி, மூலைகளில் ஒட்டியிருந்த சாம்பல் போகும்வரை அலசினார். அவருடைய பழைய தொட்டியிலிருந்து பச்சை ஓடிய தண்ணீரை மொண்டு ஊற்றினார். "வேண்டாம் நானா" என்று அக்கா சொல்லச் சொல்ல, அவர் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். "பாத்தா ஊத்த மாதிரி ஈக்கும். ஊத்த இல்ல. மீன் பழகின தண்ணி. வெள்ளிக்கிழம ஊட்ட நல்லாக் கழுவுங்கொ. வெளக்கக் கழுவுங்கொ. இத மட்டும் உடுங்கொ. ரெண்டு பேணி தண்ணி எடுங்கொ, மொதல் நாள் வாளியில புடிச்சு, பைப் மருந்து மணம் போக வெச்ச தண்ணி ரெண்டு பேணி ஊத்துங்கொ. அவ்வளவுதான்."

பிறகு மண்ணெண்ணெய்ப் பெட்டியை மூலைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அக்கா வீட்டுக்குப் போகவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்தார். மில்லியன் மீன்கள் அவருடைய நிழலைக் கண்டு சிதறிப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன.

"எது வேணும்?"

ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டு அக்கா, "அந்த வயிறு பெருத்தது" என்றார். உடனே கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார். "நீங்களே பிடியுங்கோ. நான் தொடமாட்டன்."

மஹ்ரூப் நானா கழுத்திலிருந்த கயிற்றைத் தொப்பியில் சிக்காமல் கழற்றினார். வலையை ஒரு தரம் தண்ணீரில் நனைத்து, பிடியை அக்காவின் பக்கம் நீட்டினார். அக்கா அதைப் பார்த்தாரே தவிர, வாங்கவில்லை. நானா அவசரப்படுத்தவில்லை. வலையைத் தொட்டியின் விளிம்பில் குறுக்காக வைத்தார். வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கண்ணாடித் துண்டை முன்னால் இழுத்தார்.

வைரமுனை கீறும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அக்காவின் கை மடியிலிருந்து வந்தது. வலையின் பிடியைத் தொட்டது. விட்டது. மறுபடி பிடித்தது. அக்கா சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போயிற்று. மீன் நழுவியது. கை அதைத் தொடர்ந்தது. காப்பு கண்ணாடியில் பட்டு 'டக்' என்றது. இன்னொரு தரம். பிறகு விட்டுவிட்டுப் பல தரம், தட்டுவதுபோலவே.

மஹ்ரூப் நானா தலையை நிமிர்த்தவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. ஏற்கெனவே வெட்டி முடித்திருந்த கண்ணாடியின் மேல், கோடே இல்லாத இடத்தில், வைரமுனையை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார்.