நான் கீறிய பனைகள்

எங்கள் ஊரின் வரைபடத்தைக் கீறியவன் நான்தான். தொண்ணூறுகளில் டொராண்டோ ஊர்ச்சங்கம் ஆண்டு மலர் போட்டபோது, "நீர்தானே ஊரில நில அளவைக் கந்தோரில இருந்தனீர்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் புளுகம்தான், பெருமையில் தலைகால் தெரியவில்லை. வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒஷாவா வரை ஊர்ச்சனத்தின் வீடு வீடாகப் போய், புளியடிச் சந்தி, மடத்தடி, சங்கக்கடை, வாசிகசாலை என்று ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

குளத்துக்கு அப்பால் ஒரு குறிச்சி இருந்தது. நாற்பது வீடுகள். ஊர் அதற்கு வைத்திருந்த பெயரில் சாதி இருந்தது. "உந்தப் பேரையெல்லாம் மலரில போட்டு மானத்தை வாங்காதையும்" என்றார் சங்கத் தலைவர். பெயரில்லாமல் வீடுகள் மட்டும் நின்றால் யாராவது கேட்பார்களே என்று, வீடுகளையும் விட்டுவிட்டு, அந்த இடம் முழுக்கப் பனைமரம் கீறினேன். படம் நல்ல வடிவு என்று எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு வருஷம் கழித்து டோர்செட் பார்க்கிலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். தானும் எங்கள் ஊர்தான், அகதி விசாரணை வருகிறது, ஊரை நிரூபிக்கச் சாட்சி வேண்டும் என்றார். "அதுக்கென்ன, வாறன்" என்றேன். அவருடைய வழக்கறிஞருக்கு மலரிலிருந்த படத்தையும் பெருமையாக அனுப்பினேன். கல்யாணவீட்டுக்குக் கல்யாணவீடு "ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சாதி பிடிக்கிற நான், அன்றைக்குப் பார்த்து அதைக் கேட்கவில்லை. மடையன்!

விசாரணையில் என்னைக் கடைசியாகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் என் படம் விரிந்து கிடந்தது. அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இவர் தன்ர வீடு குளத்துக்கு அங்கால எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். உங்கட படத்தில அங்க ஒரு வீடும் இல்லை. ஆர் பொய் சொல்லுறது?"

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் இறுக்கிக்கொண்டு இருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் அவரைச் சண்டைக்குள்ளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், கழுத்துப் போகப்போவது அவருக்கு.

"நான்தான் பொய் சொன்னனான்" என்றேன். "அங்க நாப்பது வீடு இருக்கு."

"ஏன் கீறேல்லை?"

சொன்னேன். குறிச்சியின் பெயர், அதன் காரணம், தலைவர் சொன்னது, நான் தலையாட்டியது எல்லாவற்றையும். மொழிபெயர்ப்பாளரும் எங்கட ஆள்தான். நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லாமல் தண்ணீர்க் கிளாஸையே பார்த்தார்.

"அப்பிடியே சொல்லும் தம்பி. ஒண்டையும் விடாதையும்" என்று கத்திவிட்டேன். என் கோபம் அவர்மேல் இல்லை.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். ஒருகாலம் நானே அளவைச் சங்கிலி பிடித்து அளந்த குறிச்சி அது. ஒழுங்கை, பொதுக்கிணறு, நாற்பது வீடுகள் எல்லாம் கீறினேன். ஒன்றும் மறக்கவில்லை. அந்த மனிதர் முன்பே எழுதிக் கொடுத்ததோடு அதை வைத்து வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, என்னை ஏற்றுக்கொண்டிட்டாங்கள்."

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். எப்படி மன்னிப்புக் கேட்பதென்று யோசிப்பதற்குள் அவரே கேட்டார்:

"நீங்கள் அண்டைக்குக் கீறின தாளைக் கேட்டால் திருப்பித் தருவினமோ அண்ணை? எங்கட வீடுகள் இருக்கிற படம் அது ஒண்டுதான்."