கழற்றிய கம்மல்

பாங்கில் கடன் எடுத்து வாங்கிய பசு அது. வாங்கிய அன்றே இன்சூரன்ஸ் ஆள் வந்து அதன் காதில் நம்பர் போட்ட பித்தளைத் தகடு ஒன்றைக் குத்தினார். எல்லாரும் அதைக் கம்மல் என்றுதான் சொல்வோம். கரமனை அக்கிரகாரத்தில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றினோம். வேறு வருமானம் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அதற்கு மடி வீங்கியது. பாலில் ரத்தம் வந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டார். மருந்து வாங்கி வாங்கிக் கை காலியானது. மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

"சிகிச்சைக்கெல்லாம் பணம் இல்லா. மாடு செத்தா மட்டும்தான்" என்று பாதி மலையாளத்தில் சொன்னார் ஆபீசர்.

"அப்போ சாவணுமா, சாரே?"

"ஞான் அப்படிச் சொன்னேனா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் திரும்பி வந்தேன்.

அந்த வாரமே பசு செத்தது. டாக்டர் வந்து பார்த்துச் சாவுக் கடுதாசி எழுதிக் கொடுத்தார். நான் ஆபீசில் சொல்லப் போனேன். ஆபீசர் வெளியே போயிருந்தார். காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரி பசுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆட்களைக் கூப்பிட்டு ஆற்றோரத்தில் அடக்கம் செய்துவிட்டாள். கம்மலைக் குறட்டால் வெட்டி எடுத்து, கழுவி வைத்திருந்தாள்.

"அதை எதுக்குட்டி எடுத்த?"

"போறவ மேல நகை நட்டு கிடக்கலாமா? மனுஷருக்குக் கழத்த மாட்டோமா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் டாக்டர் கடுதாசியோடு கம்மலை ஆபீசர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"கம்மல் காதில கிடக்கணும். கையில கொண்டுவந்தா எந்தா பிரயோஜனம்? உயிரோட நிக்கிற மாட்டுக்குக் கழற்றிக் கொண்டுவந்து செத்துப்போச்சுன்னு சொல்லுதானுக. காதாவது உண்டா?"

காது குழிக்குள் இருந்தது. பணம் வந்தால் இன்னொரு மாடு. வராவிட்டால் கடன் மட்டும்.

மண்வெட்டி எடுத்தேன். வீட்டுக்காரி வாசலில் நின்றாள்.

"அவளைத் தோண்டாதீங்க."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மழையில் மண் இளகிக் கிடந்தது. தோண்டுவது லேசாக இருந்தது. மற்றதைச் சொல்வதற்கில்லை. காதை அறுத்து வாழையிலையில் பொதிந்து, சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். பஸ்ஸில் ஏற்றவில்லை. நடந்தேன்.

ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். கம்மலை வெட்டிய இடத்தில் காது கிழிந்திருந்தது.

"இது அந்த மாட்டுக் காதுதான்னு ஞான் எப்படி எழுதும்?"

"என் மாட்டுக் காதுதான், சாரே."

"நீ சொன்னா போருமா? ஞான் மேலிடத்துக்குப் பதில் சொல்லண்டாமா?"

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆபீஸ் சட்டம் அது. பியூன் சாக்கை வெளியே எடுத்துப் போகச் சொன்னான். திரும்பவும் ஆற்றோரத்துக்குப் போய், தோண்டிய இடத்திலேயே புதைத்தேன்.

வீட்டுக்காரி அக்கிரகாரத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். நாங்கள் பால் ஊற்றிய வீடுகள்தான். நான் ஆரியசாலைக் கடைகளில் மூட்டை தூக்கினேன். ராத்திரி அவள் சோறு போடுவாள், பேச மாட்டாள்.

பாங்கிலிருந்து கடன் பாக்கிக்கு ஒருவர் வந்தார். மாடு எங்கே என்று கேட்டார். தொழுவத்தைக் காட்டினேன்.