சோப்பில் பதிந்த சாவி

லஸ் முனை நடைபாதையில் குடை விரித்துச் சாவி செய்யும் ஆசிஃபிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பூட்டையும் கையோடு கொண்டுவந்தால்தான் அவன் அரத்தை எடுப்பான். புழல் சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பு அவன் பூட்டைத் திறந்த வீடுகளுக்கெல்லாம் தெருவில் நின்று காவல் பார்த்தவன் டில்லிபாபு. போலீசிடம் மாட்டியதும் ஆசிஃபைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பித்துக்கொண்டவனும் அவனே.

அந்த டில்லிபாபு ஒரு பகலில் வந்து, ஈரத்துணி சுற்றிய சோப்பை ஆசிஃபின் மடியில் வைத்தான். சோப்பில் ஒரு சாவியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது.

"அடையார்ல ஒரு ஊடு மச்சி. ஓனருங்க ஊர்ல இல்ல. சாவி மட்டும் போட்டுக் குடு."

"பூட்ட எடுத்துகினு வா."

"இன்னா நைனா, ஜோக்கா? ஸ்டேஷன்ல ஒரு வார்த்த போட்டேன்னு வை, நாளிக்கு உன் கொட இங்க இருக்காது."

பக்கத்து இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார். ஆசிஃப் சோப்பை வாளித் தண்ணீரில் நனைத்து, அரத்தூள் படிந்த கைகளை முழங்கை வரை நிதானமாகத் தேய்த்தான். நுரை பொங்கப் பொங்க, அச்சிலிருந்த சாவியின் பற்கள் கரைந்துபோயின.

"டேய், இன்னாடா பண்ற!"

"போய் சொல்லு. போன வாட்டி எனக்குத் தெரியாம சொன்ன. இந்த வாட்டி நானே சொல்லச் சொல்றேன், போ!" நடைபாதை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, மொழுமொழுவென்று ஆகியிருந்த சோப்பை டில்லிபாபுவின் சட்டைப் பையில் ஆசிஃப் செருகினான். "போறதுக்கு முன்னாடி குளிச்சிட்டுப் போ."