ஏற்றாத சூடம்

புருஷன் கண்ணை மூடிய பிறகு, கறவை மாடுகளை நம்பியே மகளைக் கட்டிக் கொடுத்தவள் தேவாரம் ஊர்க்காரி மொக்கம்மாள். யாருக்கும் அஞ்சாதவள். அவளுக்கே அன்று தேனிக்கு பஸ் ஏறப் பயமாக இருந்தது.

மாட்டுக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் தேனியில் ஒரு தனியார் வங்கியில் இருந்தது. இன்னொரு வங்கி குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றித் தருவதாகச் சொல்ல, பழைய வங்கி புதுக் கணக்கு போட்டது. முன்கூட்டி முடிப்பதற்கு அபராதமாம்; அவள் கேள்வியே படாத இன்சூரன்சுக்குப் பாக்கித் தவணையாம். கட்டினால்தான் பத்திரம். கட்டுவதென்றால் மாடுகளை விற்க வேண்டும். அப்புறம் அந்த வீட்டில் எதைத் தின்று உயிர் வாழ்வது?

மகள் வங்கியின் மேலிடத்துக்குப் புகார் அனுப்பியிருந்தாள். விசாரிக்க மதுரையிலிருந்து ஜோதிலட்சுமி என்ற அதிகாரி வந்திருந்தார். எல்லாம் விளக்கிய பிறகுதான் கையெழுத்து வாங்கியதாக மேனேஜர் சாதித்தார். விளக்கியவன் என்று அங்கே வேலை பார்க்கும் சுருளிராஜனைக் காட்டினார். அவனும் தேவாரத்துப் பிள்ளை. மொக்கம்மாள் வீட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தவன். குனிந்த தலை நிமிராமல், எல்லாம் விளக்கியதாகச் சொன்னான்.

மொக்கம்மாள், ஊர் திரும்பும் வழியில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஏற்ற வாங்கிய சூடத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இங்க தீயெல்லாம் பத்த வைக்கக் கூடாதும்மா. மேல அலாரம் இருக்கு" என்றார் மேனேஜர்.

"பத்த வைக்கல சார். ஏப்பா சுருளி, இது எரியுதுன்னு நெனச்சுக்க. கையால அணைச்சு, எங்கிட்டச் சொன்னேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணிரு. மாடுகள வித்துக் கட்டிட்டுப் போறேன்."

வாய்க்கால் தகராறோ வரப்புத் தகராறோ, அவள் ஊரில் சூடம் அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவன் துணிந்து கையை வைத்துவிட்டால்?

சுருளிராஜன் கையை நீட்டினான். விரல்கள் சூடத்துக்கு மேலே வந்து நின்றன. பிறகு அந்தக் கை மெல்லப் பின்வாங்கியது.

"நான் சொல்லல மேடம். சொன்னா கையெழுத்துப் போட மாட்டாக, சொல்லாதன்னாக."

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"சூடத்தை நான் எழுத முடியாதும்மா. அவர் சொன்னதை எழுதிக்கிறேன்" என்ற அதிகாரி, அவனை மறுபடி சொல்லச் சொல்லி எழுதினார். அபராதமும் இன்சூரன்சும் தள்ளுபடியாயின. கடனைப் புது வங்கி அடைத்ததும் தாமதமின்றிப் பத்திரத்தைக் கொடுக்க உத்தரவானது.

கும்பிட்டுவிட்டு மொக்கம்மாள் வெளியே வந்தாள். சந்தோஷம் வரவில்லை. மேனேஜர் சுருளிராஜனைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

"நீ கெளம்பு அத்த, பஸ்ஸு போயிரும்" என்றான் அவன்.

"போனாப் போகுது. இங்கனதான் உக்காந்திருப்பேன். நீ போயிட்டு வா."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே, வேலையை விட்டே தூக்கிவிடுவதாக மேனேஜரின் குரல் உயர்ந்தது. மதுரைக்குக் கிளம்பக் காரில் ஏறப்போன ஜோதிலட்சுமியை நோக்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மொக்கம்மாள் ஓடினாள்.