இறங்க விடாத துறைமுகம்

பிரான்சின் தெற்குக் கரையோரமாகவே போவதாகத்தான் லண்டனிலிருந்து வந்து படகேறினோம். காற்று கணேசனின் சின்னப் பாய்ப்படகை இத்தாலிப் பக்கம் தள்ளிவிட, ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறோம்.

கணேசன் மலேசியாக்காரன், என்னோடு வேலை செய்பவன். அவனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. என்னிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதில் பிரான்ஸ் விசா மட்டுமே உண்டு; இத்தாலிக்குத் தனி விசா வேண்டும். துறைமுக அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "நீ படகிலேயே இரு" என்கிறார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்திருப்பதாக, நேற்றுப் பிரெஞ்சுக் கரையிலிருந்து பேசியபோதுதான் லண்டனில் இருக்கும் தங்கச்சி சொன்னாள். ஒரேயொரு போன் என்று கெஞ்சுகிறேன். அதிகாரி தலையாட்டி மறுக்கிறார்.

"விடுப்பா, நான் போய் உன் தங்கச்சிகிட்ட பேசிட்டு வரேன்" என்று கணேசன் இறங்கிப் போகிறான்.

தூறல் விழுகிறது. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் சிகரெட் பிடிக்கிறார்.

கணேசன் திரும்பி வருகிறான். என்னிடம் வராமல் நேரே அதிகாரியிடம் போய் மெல்ல ஏதோ சொல்கிறான். அவர் சிகரெட்டை எறிந்துவிட்டுப் படகருகே வந்து கையை நீட்டுகிறார்.

"இறங்கி வா. போன் என் அறையில் இருக்கிறது."

அவர் கையைப் பிடித்து இறங்குகிறேன்.

லண்டன் செவன் கிங்ஸ் வீட்டிலிருந்து தங்கச்சியின் குரல் வருகிறது. "அப்பா விடிய போயிட்டார், அண்ணை. நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"கரையிலதான்" என்கிறேன்.

பேசி முடியும்வரை அதிகாரி வெளியே நனைந்தபடி நிற்கிறார். பிறகு என் தோளில் கைவைத்து நடத்திவந்து, படகில் ஏற்றிவிடுகிறார்.