மாமாமாருக்கும் கதிரை

நாங்கள் குடிபெயர்ந்து வந்த நோபல் பார்க்கில் நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவுசெய்ய ஒரு நேர்காணல் நடக்கும். முன்பெல்லாம் மேசைக்கு எதிரே இரண்டு கதிரைகள்தான். ஒன்று பிள்ளைக்கு, மற்றது தாய்க்கோ தகப்பனுக்கோ. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எங்கட தமிழ்ச் சனத்தையும் கண்டதில்லை, தென் சூடான் சனத்தையும் கண்டதில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளையின் படிப்பு என்றால் எங்களுக்கு வீடே கிளம்பி வரவேணும்.

அன்றைக்கு வந்த தென் சூடான் பிள்ளையும் அப்படித்தான் வந்தாள். கூடவே தாய், தாயின் தமையன், இன்னும் இரண்டு மாமாமார். தாயும் பிள்ளையும் இருக்க, மாமாமார் சுவரோரம் நின்றார்கள். அவளுடைய கணக்கு ரீச்சர் என்பதால் நானும் மேசையின் இந்தப் பக்கம் இருந்தேன்.

என் வகுப்பில் அவள் வாய் மூடி நான் கண்டதில்லை. பலகையில் நான் ஒரு கணக்கைச் செய்தால், இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது என்று கையைத் தூக்குவாள். எனக்கு எரிச்சல் வரும். அவள் சொன்னது சரியாக இருந்துவிட்டால் எரிச்சல் இன்னும் கூடும். உயர்கணிதம் எடுத்தால்தான் பொறியியல் பக்கம் போகலாம். அவள் அதை எடுக்காமல் வேறு யார் எடுப்பது என்று நினைத்திருந்தேன்.

மூத்த மாமாதான் பேசினார். பிள்ளை டொக்டராக வேண்டும், உயர்கணிதம் கொடுங்கள் என்றார். அவள் மடியைப் பார்த்தபடி இருந்தாள். பாடத் தெரிவுக்குப் பொறுப்பான ஆசிரியர் நல்ல மனிதர், பிள்ளைகளின் பக்கம் நிற்கிறவர். "உனக்கு என்ன விருப்பம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் பேசவில்லை. பெரியவர்கள் திணிக்கிறார்கள், பிள்ளைக்கு விருப்பமில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். "இலகுவான கணிதத்தைப் போடுவம். அவளுக்கும் நெருக்கடி இல்லை" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்ர வகுப்பில வந்து பாருங்கோ. இவளைப் பேசாமல் இருத்த ஏலாது."

"அப்ப இவையை வெளியில அனுப்பிப்போட்டுத் தனியக் கேப்பம்" என்றார் அவர்.

மூத்த மாமாவின் முகம் இறுகிவிட்டது. கதவுப் பக்கம் திரும்பினார். தாயும் எழும்பிவிட்டார். அவர்கள் அப்படியே போயிருந்தால் இலகுவான கணிதம்தான் பதிவாகியிருக்கும், அவளுடைய பொறியியலும் அந்தக் கதவோடு போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பிரதி அதிபர் இரண்டு கைகளிலும் கதிரைகளோடு உள்ளே வந்தார். மாமாமார் நிற்பதைக் கதவுக் கண்ணாடிக்குள்ளால் கண்டிருக்கிறார். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெண். அவரும் தென் சூடானில் பிறந்து, சிறுவயதில் இங்கே வந்து படித்தவர். உயர்கணித வகுப்பில் ஏன் ஒரு கறுப்பினப் பிள்ளையையும் காணவில்லை என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு, எல்லாருடைய தேத்தண்ணியையும் ஆறவைத்தவர்.

எல்லாரையும் இருத்திவிட்டு, மூத்த மாமாவிடம் முதலில் சுகம் விசாரித்தார். வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று ஆறுதலாகக் கதைத்தார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பிறகுதான் கேட்டார். "நீங்கள் இருக்கேக்க அவள் வாய் திறக்க மாட்டாள். அது உங்கட வளர்ப்பு. நீங்கள் சொன்னால் கதைப்பாள். சொல்லுவீங்களோ?"

எங்கள் வீடுகளிலும் இதேதான். பெரியாக்கள் கதைக்கும்போது இடையில் வாயைக் கொடுத்தால் கண்ணாலேயே அடக்கிவிடுவார்கள்.

மாமா அவளைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்தாள். உயர்கணிதம்தான் வேண்டுமாம். ஆனால் டொக்டராக மாட்டாளாம், இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமாம். பாலம் கட்டப் படிக்க வேண்டுமாம். என்ன பாலம், அது எப்படி நிற்கும் என்று தொடங்கியவளை நிற்பாட்ட ஆளில்லை. மாமா என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், வகுப்பிலயும் இப்பிடித்தானோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், ஒவ்வொரு நாளும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாடத் தெரிவு ஆசிரியரும் சிரித்தபடி உயர்கணிதத்தைப் பதிந்தார்.

அதன்பிறகு பிரதி அதிபர் வழக்கத்தையே மாற்றிவிட்டார். வருகிற எல்லாருக்கும் கதிரை, கூடுதல் நேரம், முதலில் மூத்தவரிடம் அனுமதி. சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு கூட்டத்தில் அவரை வறுத்தெடுத்ததையும் கண்டேன். அவர் மசியவில்லை. அந்தக் கதிரைகளில் இருந்துதான் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். டொக்டராக மாட்டேன் என்றவர்களில் என் மகளும் ஒருத்தி. அன்றைக்கு அனுமதி கொடுக்க வேண்டிய மூத்த ஆள் நான்தான். வேறு வழி? கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் புறுபுறுத்தாலும், உள்ளுக்குள் பிரதி அதிபருக்கு நன்றி சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

பாலம் கட்டப்போகிறவள் இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். போன வருடம் அவளுடைய தங்கச்சியின் முறை. மாமாமார் எல்லாரும் வந்தார்கள். மேசைக்குக் கிட்ட இருக்கும் கதிரை எப்போதும் மூத்தவருக்குத்தான். பிரதி அதிபர் அதை மூத்த மாமாவுக்குக் காட்டினார். அவர் அதில் இருக்கவில்லை. தங்கச்சியின் தோளில் கைவைத்து அவளை அதில் இருத்திவிட்டு, பின்னால் போய் இருந்தார்.

"இவள் கதைக்கட்டும்" என்றார். "நாங்கள் கேக்க வந்தனாங்கள்."